கனடா ஏரியில் கயாக், பாடில்போர்ட்: போக முன் கொழும்பில் எங்கே பழகலாம்?

வெள்ளவத்தையாள்:

வணக்கம் எல்லோருக்கும். ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஸ்காபரோவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறோம். தங்கச்சியின் மனிசன் மஸ்கோகா பக்கம் ஏரிக்கரையில் ஒரு கொட்டேஜை ஒரு கிழமைக்கு எடுத்து வைத்திருக்கிறார். இரண்டு கயாக்கும் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சின்னப் படகு) ஒரு பாடில்போர்டும் (நின்றுகொண்டு வலிக்கும் பலகை) வாடகையோடு சேர்த்தியாம். படம் வந்த நாளிலிருந்து வீட்டில் வேறு கதையே இல்லை.

மகனுக்கு 14 வயது, பள்ளிக்கூட நீச்சல் குழுவில் இருந்தவன். மகளுக்கு 10, பூலில் ஒரு அகலம் நீந்துவாள். எனக்கு நீச்சல் தெரியாது. இவருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் பொறுப்பு முழுக்க என் தலையில்.

கொழும்பிலேயே ஓரளவு பழகிக்கொண்டு போகலாமா? எங்கே? இரண்டில் எது முதலில்? நீச்சல் தெரியாத நான் ஏறலாமா, அல்லது கரையிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற வேலைதானா? தங்கச்சியிடம் கேட்டால் "ஏரிதானே அக்கா, கடலில்லையே" என்கிறாள். அவள் அப்படிச் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிலியந்தலைப்பக்கம்:

அக்கா, நான் பொல்கொடை ஏரிக்கரையில் கயாக் விடும் இடமொன்றில் சனி, ஞாயிறுகளில் பழக்கிவிடுகிறவன். இடத்தின் பெயர் போடவில்லை, விளம்பரம் என்று யாராவது பாய்வீர்கள்.

உங்களுக்குத் தோது பொல்கொடைதான். இப்போதைக்குக் கடலை மறந்துவிடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்று பார்த்தாலே அலை எப்படி அடிக்கிறதென்று தெரியும். பொல்கொடை உள்ளே ஒதுங்கி இருப்பதால் காலை நேரத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பத்து, பத்தரைக்குப் பிறகு காற்று எழும்பிவிடும். ஆறரைக்குத் தண்ணீரில் இருக்கிற மாதிரி வாருங்கள்.

கயாக்கில் தொடங்குங்கள். மேலே உட்காரும் வகை, அதாவது மூடிய பிளாஸ்டிக் ஓட்டின் மேல் இருக்கை வைத்தது. கவிழ்ந்தாலும் அதற்குள் தண்ணீர் நிறையாது. துடுப்பு வலிக்க யாருக்கும் அரை மணித்தியாலத்தில் வந்துவிடும். நேராகப் போக இன்னும் கொஞ்ச நேரம். ஆட்கள் காசு கொடுத்துப் பழகுவது அதைத்தான், ஆனால் பழக வேண்டியது வேறு: ஆழத்தில் விழுந்துவிட்டுத் திரும்ப ஏறுவது. கரையில் ஏறுகிற மாதிரி இல்லை அது.

எப்படியென்றால், கயாக்கின் நடுப்பகுதிக்குப் பக்கமாக வந்து, மறுபக்க விளிம்பை எட்டிப் பிடிக்க வேண்டும். உடனே இழுத்து ஏறப் பார்க்கக்கூடாது. அப்படி இழுத்தால் கயாக் உங்கள் மேலேயே புரளும். முதலில் காலைப் பின்னுக்கு உதைத்து உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் வயிறு குறுக்கே விழுகிற மாதிரி ஒரு தாவு. வயிற்றில் கிடந்தபடியே ஒரு மூச்சு விட்டு, புரண்டு குண்டி இருக்கையில் பட இருந்து, கடைசியாகக் காலைத் தூக்கிப் போடுவது. பாடில்போர்டுக்கும் இதே முறைதான். அதில் நடுவில் கைப்பிடி இருப்பதால் இன்னும் சுகம். மகள் இதைத் தனியாகச் செய்யும்வரை அவளைத் தனிக் கயாக்கில் விட வேண்டாம். மகனோடு இரட்டைக் கயாக்கில் போகட்டும்.

நீங்களும் ஏறலாம். லைஃப் ஜாக்கெட் போட்டு, பக்கத்தில் ஆள் இருந்து, கரையோரமாக.

கொட்டாஞ்சேனை மச்சான்:

பொல்கொடையில் முதலை இருக்கிறது என்று இந்தத் தம்பி ஏன் சொல்லவில்லை? 2022 தொடக்கத்தில் தெஹிவளைக் கடலில் ஒரு சுழியோடியை முதலை கொன்றதை மறந்துவிட்டீர்களா? வெள்ளவத்தைக் கரையிலும் அது தலை காட்டியதே. முதலை உள்ள தண்ணீரில் பழகிவிட்டு முதலையே இல்லாத தண்ணீருக்குப் போகிறீர்கள், நல்ல கணக்கு அக்கா.

பிலியந்தலைப்பக்கம்:

இருக்கிறது அண்ணா, மறைக்கவில்லை. ஆட்கள் முதலை என்று அலறுவதில் முக்கால்வாசி கபரகொய்யாதான் (பெரிய நீர் உடும்பு), ஆனாலும் முதலை இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். கண்டல் ஓரத்துக்கும் ஒடுங்கிய கால்வாய்களுக்கும் நாங்கள் ஆட்களைக் கூட்டிப்போவதில்லை. பொழுது படவும் விடியப் புறமும் இறங்குவதில்லை. அன்றைக்கு எந்தப் பக்கம் கண்டார்கள் என்று மீன் பிடிக்கிற ஆட்களிடம் கேட்டுவிட்டுத்தான் இறக்குவோம். கேட்காமல் இறக்குகிற இடத்தில் நீங்கள் இறங்காதீர்கள்.

விழுந்து ஏறும் பயிற்சி பூலிலும் செய்யலாம், அதுதான் சுத்தம். சில பூல்களில் முன்கூட்டிக் கேட்டால் கூட்டமில்லாத நேரத்தில் ஒரு பாடில்போர்டை உள்ளே விடுவார்கள்.

பேர வாவி:

நான் படகு வலிக்கிறவன், பேர வாவியில். கொழும்பு ரோயிங் கிளப் 1864இலிருந்து அங்கே இருக்கிறது, அதனால் "பேர வாவியில் பழகலாமே" என்று யாராவது எழுத முன் நானே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். எங்கள் விளையாட்டு வேறு. நாங்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வலிக்கிறோம், இருக்கை சறுக்கும், துடுப்பு படகோடு பூட்டியிருக்கும். கயாக்குக்கு அதில் ஒன்றும் உதவாது. அதைவிட, நீங்கள் பழகப் போவது விழுவதற்கு. பேர வாவிக்குள் விழுந்தவர்கள் யாரும் அதைப் பற்றி விருப்பத்தோடு கதைப்பதில்லை.

தியவன்னாவும் அழகுதான், ஆனால் பாராளுமன்றத்தைச் சுற்றிய தண்ணீர். நினைத்தபடி இறங்க முடியாது.

மருந்துச்சீட்டு:

வைத்தியர் என்ற முறையில் ஒரு விஷயம். பொல்கொடையோ வேறு எந்த நன்னீரோ, இறங்கும்போது காலில், கையில் திறந்த காயம் இருந்தால் போக வேண்டாம். எலிக்காய்ச்சல். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீரால் தண்ணீரில் கலக்கும் கிருமி, காயத்தாலும் கண், வாய் வழியாகவும் உள்ளே போகும். மழை பெய்து தண்ணீர் கலங்கிய மறுநாள் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள்.

முக்கியமானது இனித்தான். இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்துத்தான் தெரியவரும். அதாவது நீங்கள் கனடாவில் இருக்கும்போது. காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலில் கடும் உளைவு வந்தால், "இலங்கையில் ஏரித் தண்ணீரில் விழுந்து எழும்பினோம்" என்பதை அங்குள்ள டொக்டரிடம் நீங்களாகச் சொல்ல வேண்டும். அவருக்கு அது முதலில் நினைவுக்கு வராது.

ரொறன்ரோ போய்வந்தவன்:

படிக்கப் போய் சில வருடங்கள் அங்கே இருந்தேன், இப்போது தெமட்டகொடையில். அக்கா, தங்கச்சியின் மனிசனிடம் இன்றைக்கே இரண்டு விஷயம் கேளுங்கள்.

ஒன்று, எந்த ஏரி? மஸ்கோகா என்பது ஒரு பெரிய பிரதேசம். மஸ்கோகா, ரோசோ, ஜோசப் என்ற மூன்று பெரிய ஏரிகளில் கொட்டேஜ் என்றால் சனி, ஞாயிறில் பெரிய பெரிய மோட்டார் படகுகள் ஓடும். அவை கிளப்பிவிட்டுப் போகும் அலைதான் பழகாத ஆளைக் கவிழ்ப்பது. அலை வந்தால் அதற்குப் பக்கத்தைக் காட்டக்கூடாது, கயாக்கின் மூக்கைத் திருப்பி நேரே வாங்க வேண்டும். பாடில்போர்டில் நின்றால் முழங்காலில் இறங்கிவிட வேண்டும். சின்ன ஏரி என்றால் இந்தத் தொல்லை பாதி.

இரண்டு, அந்தக் கயாக்கைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கொட்டேஜ்களில் அதிகம் கிடப்பது கால் உள்ளே போகும் குட்டைக் கயாக். கவிழ்ந்தால் தண்ணீரால் நிறைந்து கல்லுப் போல் கனக்கும், நடு ஏரியில் அதற்குள் திரும்ப ஏறப் பழக்கமில்லாதவரால் முடியாது. பொல்கொடையில் நீங்கள் பழகுவது மேலே உட்காரும் வகையில்; அங்கே கிடப்பது மற்ற வகையாக இருந்தால் இந்தப் பழக்கம் பாதிதான் உதவும். அப்படியென்றால் தண்ணீர் நெஞ்சளவு தாண்டாத கரையோரத்தில் மட்டும் ஓடுங்கள்.

நெஞ்சளவு என்றதும் இன்னொன்று. அந்தப் பக்கம் முழுக்கக் கருங்கல் பாறை நிலம். கரையிலிருந்து சில அடியிலேயே சடாரென்று ஆழம் விழும். தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருப்பதால் அடி தெரியாது. அழுக்கில்லை, காட்டு இலை தழைகளிலிருந்து இறங்கும் சாயம்.

பிறகு, காற்று. காலையில் ஏரி அசையாமல் கிடக்கும், மத்தியானத்துக்குப் பிறகு எழும்பும். கரையிலிருந்து ஏரிப் பக்கமாக வீசும் காற்றுதான் கள்ளக் காற்று. கரையோரம் மரங்களின் மறைவில் தண்ணீர் அமைதியாகத் தெரியும், நூறு மீட்டர் போனதும் முதுகில் பிடித்துத் தள்ளும். போகும்போது "அட, எவ்வளவு கெதியாகப் போகிறேன்" என்று சந்தோஷமாக இருக்கும், திரும்பும்போது கண்ணீர் வரும். அதனால் எப்போதும் முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள். தூரத்தில் வெள்ளை நுரை தெரிந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். இடி கேட்டால் கரைக்கு வந்து, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுக்க வேண்டும். ஜூலை, ஓகஸ்டில் பின்னேர இடி அங்கே சாதாரணம்.

வெள்ளவத்தையாள்:

கேட்டுவிட்டேன். சின்ன ஏரிதானாம். கயாக் இரண்டும் கால் உள்ளே போகிற வகை! பாடில்போர்ட் காற்றடிக்கிற வகை. லைஃப் ஜாக்கெட் "இருக்கும்" என்கிறார். இருக்கும் என்பதை நம்பலாமா, இங்கே வாங்கிக் கொண்டுபோகவா? அங்கே சட்டம் என்ன?

ரொறன்ரோ போய்வந்தவன்:

"இருக்கும்" என்றால் கராஜுக்குள் பெரிய ஆளின் ஜாக்கெட் இரண்டு பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும். மகளுக்கு அளவாக இருக்காது. அங்கேயே வாங்குவது நல்லது, எடைக்கு ஏற்ற அளவும் கனடா அங்கீகார லேபலும் உள்ளே தைத்திருக்கும். போட்டு, எல்லா வாரையும் இறுக்கி, தோள்ப்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை வந்தால் பெரிது. காற்றால் ஊதும் மெல்லிய வகையைக் கடையில் அழகாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அது 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஆகாது, உங்கள் மகனுக்கும் கூடாது.

சட்டப்படி ஒவ்வொருவருக்கும் அளவான ஜாக்கெட் ஒன்று படகில் இருக்க வேண்டும். விசில் வேண்டும். 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஏதாவது. இருட்டினால் விளக்கு. மோட்டார் இல்லாததால் லைசன்ஸ் தேவையில்லை.

கொட்டாஞ்சேனை மச்சான்:

"இருக்க வேண்டும்" என்றுதானே சொன்னீர்கள், "போட வேண்டும்" என்று சொல்லவில்லையே. நீச்சல் குழுவில் இருந்த பொடியனுக்கு வெயிலில் அதைக் கட்டிவிட்டால் அவன் ஒரே நாளில் வெறுத்துவிடுவான். நாங்கள் சின்ன வயதில் முகத்துவாரத்தில் என்ன போட்டுக்கொண்டா குதித்தோம்?

பேர வாவி:

முகத்துவாரத்தில் குதித்து வந்தவர்கள் மட்டும்தான் இங்கே எழுதுகிறார்கள் அண்ணா. வராதவர்கள் எழுத மாட்டார்கள்.

ரொறன்ரோ போய்வந்தவன்:

சட்டத்தையே எடுங்கள். பாடில்போர்டில் ஜாக்கெட்டைப் போட்டிருந்தால் கயிறு, வாளி ஒன்றும் கேட்க மாட்டார்கள், பகலில் விசில் இருந்தால் போதும். கழற்றிப் பக்கத்தில் வைத்தால்தான் மற்றச் சாமானெல்லாம் வேண்டும்.

நீச்சல் என்பது சூடான பூலில் நீந்துவது. வட நாட்டு ஏரி வேறு. மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரை ஆராய்ந்து சொன்ன கணக்கு 1-10-1: விழுந்ததும் மூச்சு அடங்க ஒரு நிமிடம், கை கால் சொன்னதைக் கேட்பது பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். சாகிறவர்களில் நிறையப் பேர் அந்த முதல் நிமிடத்தில், பதறி மூச்சை இழுத்துத் தண்ணீரைக் குடித்தே போகிறார்கள். ஜாக்கெட் போட்டிருந்தால் அந்த நிமிடம் முகம் மேலே நிற்கும். நீந்தத் தெரிந்தவனுக்கும் அந்த நிமிடம் நீச்சல் வராது.

அக்காவைப் பயமுறுத்த இல்லை. இந்த எச்சரிக்கை மே, ஜூனுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். அப்போது வெளியே வெயில் கொளுத்தும், தண்ணீர் பனிக்கட்டி உருகி அதிக நாளாகாமல் கிடக்கும். ஓகஸ்டில் சின்ன ஏரிகளின் மேல் தண்ணீர் இருபது பாகைக்கு மேல் வந்துவிடும். நமக்கு அதுவும் குளிர்தான், வெள்ளவத்தைப் பிள்ளைகளின் பல்லு கிட்டும், ஆனால் ஆபத்தில்லை. ரொறன்ரோ நகரக் கரையில், ஒன்ராறியோ ஏரியில் இறங்குவதாயிருந்தால்தான் கவனம். மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் பலமாகக் காற்றடித்தால் மேல் தண்ணீரை நடு ஏரிக்குத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் கரைக்கு ஏறிவிடும். நேற்றுக் குளித்த இடத்தில் இன்றைக்குக் கால் வைக்க முடியாது, ஓகஸ்டிலும்.

கொட்டாஞ்சேனை மச்சான்:

சரி, போடட்டும். முதலைக் கதையை மட்டும் நான் விடமாட்டேன்.

பாமன்கடைப் பொடிச்சி:

அக்கா, நீங்கள் கேட்ட பாடில்போர்டைப் பற்றி ஒருவரும் ஒழுங்காக எழுதவில்லை, கயாக்காரர்கள் கூடிவிட்டார்கள். நான் கிழமைக்கு ஒருக்கால் நிற்கிறவள், சொல்கிறேன்.

காற்றடிக்கும் போர்ட் என்றால் கல்லுப் போல் இறுகும்வரை அடிக்க வேண்டும். போர்டிலேயே அளவு அச்சடித்திருக்கும், பெரும்பாலும் 12 முதல் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). கடைசி மூன்று நான்கு பிஎஸ்ஐக்குத்தான் மூச்சு வாங்கும், அதனால் எல்லோரும் பத்தில் நிறுத்திவிட்டு "ஆடுது, நிற்க முடியவில்லை" என்பார்கள். அடிப்பக்கம் செட்டையைப் பூட்ட மறந்தால் போர்ட் வட்டம் சுற்றும். துடுப்பின் இலை லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு முன்னுக்குப் பார்க்க வேண்டும். பார்த்தால் தலைகீழாகப் பிடித்த மாதிரித் தோன்றும், அதுதான் சரி. துடுப்பின் உயரம் தலைக்கு மேல் ஒரு சாண் அளவு.

முழங்காலில் தொடங்கி, கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து எழும்புங்கள். கண் காலைப் பார்த்தால் விழுவீர்கள், எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். விழும்போது போர்டைவிட்டுத் தள்ளி, தட்டையாக விழுங்கள். அடியில் பாறை என்றார்களே, தலைகீழாகப் பாயவே கூடாது.

காலில் கட்டும் வாரை ஏரியில் கழற்றக்கூடாது. விழுந்த வேகத்தில் போர்ட் உதைபட்டுப் போகும், காற்று அதை நீங்கள் நீந்துவதைவிடக் கெதியாகக் கொண்டுபோகும். ஓடும் ஆற்றில் மட்டும் காலில் கட்டக்கூடாது, மரக்கிளையில் மாட்டினால் தண்ணீர் ஆளை அமுக்கிவிடும். அதற்கு இடுப்பில் சட்டென்று கழரும் வார் வேறாக இருக்கிறது. கித்துள்கலைக்கு போர்டோடு போக நினைப்பவர்களும் இதைக் கவனியுங்கள்.

நிற்கிற ஆளை காற்று பாய் மாதிரிப் பிடிக்கும். காற்று கூடினால் இரு, இன்னும் கூடினால் படுத்துக்கொண்டு கையால் வலி. உங்கள் விஷயத்தில் நான் மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை: கயாக் இரண்டும் உள்ளே கால் போகிற வகையென்றால், அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பத்திரமான சாமான் பாடில்போர்ட்தான். விழுந்தால் ஏறலாம், தண்ணீர் நிறையாது. மகள் முன்னால் இருக்க, மகன் பின்னால் முழங்காலில் நின்று வலிக்கட்டும். இரண்டு பேரின் எடையையும் தாங்குமா என்பதைப் போர்டில் பாருங்கள்.

பிலியந்தலைப்பக்கம்:

இதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். கயாக்கை இங்கே பழகுங்கள், அங்கே போர்டை எடுங்கள். ஏறுகிற முறை ஒன்றுதான்.

வெள்ளவத்தையாள்:

நல்லது. அடுத்த சனிக்கிழமை காலை மூவரும் பொல்கொடைக்கு வருகிறோம், நானும் இறங்குவதாக உத்தேசம். மகனின் முழங்காலில் கிரிக்கெட் காயம் ஒன்று இருக்கிறது, அது ஆறாவிட்டால் அவன் கரையில். அவனுக்கு அதைச் சொன்னதிலிருந்து வீட்டில் சண்டை.

இன்னொரு கேள்வி. ஒரு நாள் அல்கொன்குவின் பார்க்கும் போக வேண்டுமாம். தங்கச்சியின் மனிசன் இந்த போர்டையே காரில் போட்டுக்கொண்டு போகலாம் என்கிறார்.

ரொறன்ரோ போய்வந்தவன்:

போகலாம், ஆனால் ஏரி மாற முன் போர்டைக் கழுவி, தண்ணீர் வடித்து, காய வைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் செடி, உயிரினங்களை அகற்றித் தண்ணீரை வடிப்பது 2022 முதல் ஒன்ராறியோவில் சட்டம். வரிக்குதிரை மட்டி போன்ற அந்நிய உயிரினங்கள் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்கு இப்படித்தான் பரவுகின்றன. ஈரத்தோடு சுருட்டிக் காருக்குள் போடுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை.

அல்கொன்குவின் 1893இல் ஒதுக்கிய பூங்கா, 7,600 சதுர கிலோமீட்டருக்குக் கிட்ட. ஒரு நாளில் பார்த்து முடியாது, 60ஆம் நெடுஞ்சாலை ஓரம் மட்டும் போதும். கனோ லேக்கில் கனோ (மேல் திறந்த துடுப்புப் படகு) வாடகைக்கு எடுக்கலாம். கனடாவின் பெயர்பெற்ற ஓவியர் டொம் தொம்சன் 1917இல் இறந்தது அந்த ஏரியில்தான். தனியாகக் கனோவில் போனவர், துடுப்பில் கைதேர்ந்தவர். எப்படி இறந்தார் என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். மகனுக்குச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு ஜாக்கெட்டுக்கு முகம் சுளிக்க மாட்டான். ஒரு டொலர் நாணயத்தில் இருக்கும் லூன் பறவையும் அந்த ஏரிகளில் இருக்கும். அதற்குக் கிட்ட வலித்துப் போக வேண்டாம்.

வாகன அனுமதியை முன்பே எடுங்கள். போகும் நாளுக்கு ஐந்து நாள் முன்னிருந்து, காலை 7 மணிக்கு இணையத்தில் திறக்கும். சனி, ஞாயிறு என்றால் கெதியில் முடிந்துவிடும்.

வெள்ளவத்தையாள்:

7 மணி என்றால் அங்கத்தைய 7 தானே? அந்த நாள் நான் அங்கே இருப்பேனோ பிளைட்டில் இருப்பேனோ தெரியாது, இங்கிருந்து இவர்தான் எடுக்க வேண்டி வரும்.

ரொறன்ரோ போய்வந்தவன்:

ஓம், அங்கத்தைய 7. கோடையில் வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம், கொழும்பில் பின்னேரம் 4.30. கார் இலக்கத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், அது கேட்கும்.